ஏழாம் நம்பர் மிஷின்

அத்தியாயம் 6

மதியம் ஒண்ணே கால். நாலு மணிக்கு அந்த வகுப்பை இழுத்து மூடப்போகிறார்கள். அதைத் தடுக்க எங்களிடம் இருந்தது ஒரு தாள், பாதி பன், அப்புறம் என் அண்ணியின் மூளை. பன் என் கையில் இருந்தது.

அண்ணி என்றால் சாட்சாத் என் அண்ணன் மனைவிதான். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் அவருடைய உதவியாளன். வேறு எங்கேயும் வேலை கிடைக்காததால் வந்த பதவி என்று அண்ணன் சொல்லுவான். அவன் கிடக்கிறான்.

பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. சுவரோரமாகப் பன்னிரண்டு பழைய லேப்டாப்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டில் பெரிதாக நம்பர். இங்கே படிக்க வருபவர்கள் யாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை. சமையல்காரர், வேன் டிரைவர், ஆஸ்பத்திரி துப்புரவுக்காரர், டெய்லர் என்று எல்லாம் நாற்பதைத் தாண்டிய கேஸ்கள். மெயில் அனுப்புவதில் ஆரம்பித்து, சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவது வரைக்கும் இலவசமாகச் சொல்லித்தருகிறார் டீச்சர்.

அந்த டீச்சர்தான் இப்போது எங்கள் எதிரே, அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருஷமா விண்ணப்பம் போட்டு வாங்கின உதவி மேடம். சின்ன வகுப்புகளுக்குன்னு கொடுக்கிற சின்ன நிதி. ஆறு மாசம் முன்னாடி முதல் தவணையில இந்தப் பழைய மிஷின் எல்லாம் வாங்கினோம். ரெண்டாவது தவணை வந்தாத்தான் வாடகை, கரண்ட், எல்லாமே. இன்னைக்கு நாலு மணிக்கு நிதிக் குழு வீடியோ கால்ல கூடுது. புகாருக்கு என்கிட்ட பதில் இல்லன்னா அவ்வளவுதான். மிஷினை ஏத்த அவங்க அனுப்பின வேனே வந்தாச்சு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே கீழே ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் காலி அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாடை கட்டிவிட்டு உயிர் போகட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அண்ணி தாளை எடுத்தார். யாருடையது என்று தெரியாத முகவரியிலிருந்து குழுவுக்கு வந்த மொட்டை மெயிலை அவர்கள் பிரிண்ட் எடுத்து டீச்சருக்கு அனுப்பியிருந்தார்கள். அண்ணி அதை என்னிடம் நீட்ட, சத்தமாகப் படித்தேன்.

"ஐயா வணக்கம். டீச்சர் ரொம்ப நல்லவங்க. ஆனா வகுப்புப் பதிவேட்டுல ஒரு பேர் பொய். அப்படி ஒரு ஆளே கிடையாது. நீங்க விசாரிக்கணும். அதுவரைக்கும் சனிக்கிழமை நீங்க யாரும் வர வேண்டாம். தயவுசெஞ்சு வராதீங்க."

"ஒரு பேர் பொய்னு தெரிஞ்சாலே மொத்த நிதியும் ரத்து. அது அவங்க விதி" என்றார் டீச்சர். "ஆனா பன்னிரண்டு பேரும் என் கண்ணு முன்னாடி உட்கார்ந்து படிக்கிறாங்களே! இதுல யாரு பொய்?"

"சேர்க்கும்போது அடையாள அட்டை பார்த்தீங்களா?" என்றார் அண்ணி.

டீச்சர் தலையைக் குனிந்தார். "அட்டை கேட்டா பாதிப் பேர் வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க மேடம். சொன்ன பேரை எழுதிக்கிட்டேன். படிக்க வந்தவங்களை எப்படிச் சந்தேகப்படுறது?"

நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசை வைத்துக்கொண்டு எந்தக் குழு முன்னாலும் ஜெயிக்க முடியாது.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது" என்றேன். "அடுத்த தெருவுல காசு வாங்கிக்கிட்டு கம்ப்யூட்டர் சொல்லித்தர்ற கோட்டு மாஸ்டர் இருக்காரே, அவர் வேலைதான் இது. இங்க இலவசம்னா அங்க ஈ ஓட்டணும்ல?"

"பன்னை முழுங்கிட்டுப் பேசு தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி தாளையே பார்த்தார். "இது ஏன் எல்லாமே தடிச்ச எழுத்துல இருக்கு? கீழ முக்கால் பக்கம் வெள்ளையா கிடக்கு?"

"கோபமா எழுதியிருப்பாங்க."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பன் தொண்டையில் சிக்கியது.

ஒன்றே முக்காலுக்கு நாங்கள் கோட்டு மாஸ்டரின் ஏசி அறையில் இருந்தோம். வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர். நான் மேஜையில் தாளை அடித்து வைத்தேன்.

"இதை எழுதினது நீங்கதானே?"

அவர் தாளைப் படித்தார். முகம் சிவந்தது. ஆகா, மாட்டினான் என்று நினைத்தேன்.

"என்னைக் கேவலப்படுத்தணும்னே வந்திருக்கீங்களா?" என்று கத்தினார். "அந்த வகுப்பு மேல நான் மூணு புகார் அனுப்பியிருக்கேன். இந்தாங்க காப்பி. மூணுலயும் என் பேர், கையெழுத்து, சீல். பதினாலு பாயிண்ட் போட்டு எழுதுவேன். இதைப் பாருங்க! முழுக் கடுதாசியையும் சப்ஜெக்ட் லைன்ல எழுதி வெச்சிருக்கான். பிரிண்ட் எடுத்தா சப்ஜெக்ட்தான் மேல தடிச்சு வரும். உள்ள ஒரு எழுத்து இல்ல. எங்க வாட்ச்மேன்கூட இப்படி மெயில் அனுப்ப மாட்டார்!"

"மூணு புகாரும் என்ன ஆச்சு?" என்றார் அண்ணி சாந்தமாக.

"பதிலே போடல" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. பாவமாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் வாட்சைப் பார்த்தேன். இருந்த ஒரே ஆளும் போயாச்சு, மணி இரண்டேகால். வேன்காரர்கள் இரண்டாவது டீக்குப் போயிருப்பார்கள்.

"எல்லாரும் புகாரை மட்டும்தான் படிக்கிறீங்க" என்றார் அண்ணி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "அதுல ஒரு கெஞ்சல் இருக்கு. அதை யாருமே படிக்கல. சனிக்கிழமை வராதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. வகுப்பை மூடுங்கன்னு ஒரு தடவைகூடச் சொல்லல. டீச்சர் நல்லவங்கன்னு ஆரம்பிக்குது. எதிரி எவனாவது இப்படி எழுதுவானா?"

"அப்போ?"

"உள்ள இருக்கிற ஆளு."

மூணு மணிக்குள் பன்னிரண்டு பேரும் மாடிக்கு வந்துவிட்டிருந்தார்கள். எவனாவது தொட்டுப் பார்க்கட்டும் என்பது மாதிரி ஆளுக்கொரு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் படிக்கிற வேன் டிரைவர், வாழ்நாளில் எத்தனை சாமான் ஏற்றி இறக்கியவரோ, தன் லேப்டாப்பின் மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"ஒண்ணுமில்ல, ஆளுக்கு நாலு வரி எனக்கு மெயில் அனுப்புங்க" என்றார் அண்ணி. "வகுப்பை ஏன் மூடக்கூடாதுன்னு. குழுகிட்ட காட்டணும்."

பத்தே நிமிஷம். அண்ணியின் போனில் பன்னிரண்டு மெயில் வந்து விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பதினொன்று ஒழுங்காக இருந்தது. மேலே தலைப்பு, உள்ளே விஷயம். பன்னிரண்டாவதைத் திறந்தால் உள்ளே வெறும் வெள்ளை. நாலு வரியும் சப்ஜெக்ட்டில்.

"மாட்டி..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் காலை மிதித்தார்.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினோம். "ஓ, இதுவா? இது ஏழாம் நம்பர் மிஷின்" என்றார் அவர் சாதாரணமாக. "வாங்கும்போதே அதுல திரை பாதி அவுட். கீழ்ப்பாதி கருப்பா இருக்கும். மெயில் எழுதுற கட்டம் அந்த இருட்டுல போயிடும், சப்ஜெக்ட் மட்டும்தான் தெரியும். அதனால டெய்லரம்மா எல்லாத்தையும் மேலேயே எழுதிடுவாங்க. அனுப்புற பட்டன்கூடத் தெரியாது, அதுக்கு ரெண்டு கீயைச் சேர்த்து அமுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன். ரெண்டாவது தவணையில முதல்ல மாத்த வேண்டியதே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கையில் இருந்த புகார்த் தாளைப் பார்த்தார்.

"இருக்காது" என்றார். "அவங்களா? இருக்கவே இருக்காது."

"வேற மிஷின் கொடுக்கலையா?" அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது.

"ரெண்டு தடவை கொடுத்தேன். வேண்டாம்னுட்டாங்க."

"கண்ணைக் கெடுக்கிற மிஷினை யாராவது கேட்டு வாங்குவாங்களா? அதுல வேற என்ன கெட்டுப்போயிருக்கு?"

"கேமரா" என்றார் டீச்சர்.

"சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"குழுக்காரங்க வர்றாங்க. எல்லாரையும் போட்டோ எடுத்து அவங்க வெப்சைட்டுல போடுவாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தம்மாவை மெதுவா கூட்டிட்டு வா. மெதுவான்னா மெதுவா."

டெய்லரம்மா மாடிப்படிக்கு வந்து நின்றார். ஒல்லியான உருவம், கழுத்தில் அளவு நாடா. அண்ணி தாளை நீட்டினார். அவ்வளவுதான், அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். "சத்தியமா தெரியாது. விசாரணைன்னா தள்ளிவெப்பாங்க, சனிக்கிழமை போட்டோ நின்னுடும்னுதான் நினைச்சேன். டீச்சரைப் பத்திப் பொய்யா எழுத மனசு வரல. அதான் உண்மையையே எழுதினேன். பதிவேட்டுல இருக்கிற பொய்ப் பேர் என்னுதுதான்."

தன் மேலேயே மொட்டைப் பெட்டிஷன் போட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அவர் இடது கையை நீட்டினார். நடுவிரல் நுனி வெந்து சுருங்கியிருந்தது. நகமே இல்லை. "இஸ்திரிப்பெட்டியால சூடு வெச்சார், என் வீட்டுக்காரர். ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தேன். இன்னும் தேடிக்கிட்டு இருக்கார். என் போட்டோ எங்கேயாவது வந்துச்சுன்னா, முகம்கூட வேண்டாம், இந்த விரலைப் பார்த்தாலே போதும். பொண்ணு இப்போதான் பயமில்லாம தூங்குது."

டீச்சர் மேலே வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. டீச்சருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அக்கா? பன்னிரண்டு பேர் பிழைப்பு! ஒரே ஒரு வார்த்தை!"

"பயந்துட்டேன் டீச்சர். நீங்க தெரியாம யார்கிட்டயாவது..." டீச்சர் இரண்டு படி இறங்கினார். அறைந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அண்ணி வாட்சைப் பார்த்தார். "அழுகைக்கு நாலரைக்கு மேல நேரம் ஒதுக்கலாம். இப்ப மூணே முக்கால்."

"என்ன சொல்றது அண்ணி?" என்றேன். "இவங்க வாய் திறந்தா புகார் உண்மைன்னு ஆயிடும். திறக்கலன்னா வேன்."

"நான் சொல்றேன்" என்று எழுந்தார் டெய்லரம்மா. "என்னால வந்தது. ஆனா என் மிஷின்லேர்ந்துதான் பேசுவேன்."

நாலு மணிக்கு ஏழாம் நம்பர் மிஷினில் கால் வந்தது. திரையின் மேல்பாதியில் இரண்டு சதுரம். ஒன்றில் செயலாளர் அம்மா, இன்னொன்றில் குழுத் தலைவர். எங்கள் சதுரம் கருப்பு.

டெய்லரம்மா எல்லாவற்றையும் சொன்னார். பெயர் பொய், ஏன் பொய், புகார் யாருடையது, எதுவும் பாக்கியில்லை. சொல்லி முடித்தபோது அறையில் மற்ற பதினொரு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கேட்க வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆளே இல்லாம பேரை எழுதியிருக்காங்கன்னு புகார். அதுக்குச் சாட்சியா முகமில்லாத ஒரு குரலைக் கொண்டு வந்து நிறுத்துறீங்க. இந்தக் குரல் யாருதா வேணும்னாலும் இருக்கலாமே? முகத்தைக் காட்டச் சொல்லுங்க."

டெய்லரம்மா மெல்ல எழுந்து எட்டாம் நம்பர் மிஷினைப் பார்த்தார். அதில் கேமரா நன்றாக இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தும் விட்டார். அண்ணி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சார், உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன? ஒரு ஆள் இங்க உட்கார்ந்து படிச்சாங்களா இல்லையா, அதுதானே? முகம் அதைச் சொல்லாது. கை சொல்லும். அம்மா, உங்க புரோகிராமைத் திறங்க. திரையை அவங்களுக்கும் காட்டுங்க."

டெய்லரம்மா எழுதிய புரோகிராம் அது. உடம்பு அளவைக் கொடுத்தால் சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று சொல்லும்.

"சார், உங்க அளவைச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

"மார்பு நாற்பத்திரண்டு" என்றார் தலைவர். கொஞ்சம் தயங்கி, "இடுப்பு முப்பத்தாறு."

கீபோர்டில் போன விரல் நின்றது. டெய்லரம்மா திரையில் இருந்த மனிதரை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருஷம் ஆட்களை அளந்த பார்வை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நிஜத்தைச் சொன்னாத்தான் துணி பத்தும்."

செயலாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் இரண்டாவது தவணைக்கு மனசுக்குள்ளேயே மாலை போட்டுவிட்டேன்.

"இடுப்பும் நாற்பத்திரண்டுதான்" என்றார் அவர் கடைசியில்.

"நாற்பத்திரண்டு" என்று டைப் செய்தார் டெய்லரம்மா.

"முழுக்கை. ரெண்டு பாக்கெட்" என்றார் தலைவர். "பாக்கெட்டுக்கு உங்க புரோகிராம்ல இடம் இருக்கா?"

"இல்ல சார். இப்ப எழுதுறேன்."

எழுதினார். நாலு வரி. ஒவ்வொரு வரியும் இருட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் திரையை மேலே தள்ளித் தள்ளி எழுதினார். இடது கையில் மூன்று விரல் சரியாக அடித்தது, நகமில்லாத விரல் தடவித் தடவி அடித்தது. ஓடவிட்டார்.

"விடை கீழ வரும் சார். எனக்கு இங்க கருப்பாத்தான் தெரியும். நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

தலைவர் குனிந்தார். அவர் பக்கம் முழுத் திரையும் தெரிந்தது.

"ரெண்டே முக்கால் மீட்டர்" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஆறு மாசமா இப்படிப் பாதியைப் பார்த்துக்கிட்டேவா படிச்சீங்க?"

"பழகிடுச்சு சார்."

செயலாளர் அம்மா பேனாவை எடுத்தார். "பேர் பொய்யா இருக்கலாம். ஆள் நிஜம். பதிவேட்டுல பேருக்குப் பதிலா நம்பர் எழுதிக்கலாம், நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா படம் வேணும். படம் இல்லாம மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. எப்படி எடுக்கணும்னு டீச்சர் முடிவு பண்ணட்டும். தலைவர்?"

தலைவர் தலையாட்டினார். நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். வேன்காரர்களைப் போகச் சொன்னேன். "அப்போ பெட்டி?" என்றான் ஒருவன். "நீயே உட்கார்ந்துக்க" என்றேன். மேலே ஏறும்போதுதான் கண் நிறைந்திருப்பது தெரிந்தது. தூசு.

சனிக்கிழமை போட்டோ எடுத்தது நான்தான். டீச்சர் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. முகம் கூடாது, கை மட்டும். நீளமான மேஜையில் எல்லாரும் கையை வைத்தார்கள். போகஸ் பண்ணும்போது பார்த்தேன். வேன் டிரைவர், சமையல்காரர், துப்புரவுக்காரர், எல்லாருடைய இடது கை நடுவிரலிலும் டெய்லர்கள் ஊசி குத்தாமல் இருக்க மாட்டுகிற சின்னத் தகரத் தொப்பி. பன்னிரண்டு தொப்பி. எது யாருடைய விரல் என்று எனக்கே தெரியவில்லை.

டிரைவருக்குத் தொப்பி ரொம்பச் சின்னது. விரல் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் எடுங்க தம்பி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் தலைவர் போன் செய்தார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"படம் வந்துச்சு. ஏன் எல்லாரும் விரல்ல ஏதோ மாட்டியிருக்காங்க?"

"அது எங்க வகுப்பு யூனிபார்ம் சார்" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனை வைத்தார். ஏழாம் நம்பர் மிஷின் முன்னால் டெய்லரம்மா தலையைத் தூக்கவில்லை. மேல்பாதித் திரையில் அடுத்த வரியை எழுதிக்கொண்டிருந்தார்.